காது பொருந்தவில்லை

மாடிக்காரம்மாவின் அறையில் தங்கிவிட்டுப் போகிறவர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகள் பெரும்பாலும் ஒரே தினுசாக இருக்கும். அறை சுத்தம், தண்ணீர் தாராளம், தெரு அமைதி, உள்ளே போவதுதான் பெரும்பாடு. இரண்டு நாள் தங்கிய கண் டாக்டர் ஒருவர், "என் நோயாளிகளைக்கூட நான் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை" என்று எழுதிவிட்டு ஐந்து நட்சத்திரமும் போட்டிருந்தார். மாடிக்காரம்மா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு கீழே இறங்கிப் போய்க் கணவருக்கும் படித்துக் காட்டினாள்.

கணவர் கீழே ஸ்டுடியோ வைத்திருப்பவர். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்று பேர். அதனால் தெருவுக்கு அவர் ஸ்டுடியோக்காரர், இவள் மாடிக்காரம்மா. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் புருஷன் பெண்டாட்டியைத் தெருவே சேர்ந்து இரண்டு கடையாகப் பிரித்துவிட்டதில் அவளுக்குக் கொள்ளைச் சந்தோஷம். இருபத்தாறு வருடமாக அவள் வெறும் "ஸ்டுடியோ சார் வீட்டம்மா". விளக்கு வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைக் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று, "தாடையைத் தூக்குங்க, சிரிக்காதீங்க" என்று ஊரையே மிரட்டியதுதான் அவள் பார்த்த உத்தியோகம். மாடியில் இரண்டு அறையைக் கட்டி நாள் வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகுதான் முதன்முதலாக அவள் பேரில் ஒரு காகிதம் வந்தது. லைசென்ஸ். அதைச் சட்டம் போட்டுப் படிக்கட்டுப் பக்கத்தில் மாட்டி, ஏறும்போதும் இறங்கும்போதும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள்.

எட்டு மாதத்துக்கு முன் அந்தக் காகிதத்துக்கே ஆபத்து வந்தது. ஒருத்தன் ஒருத்தியோடு வந்து அடையாள அட்டையை நீட்டினான். அட்டையில் இருந்தவருக்குப் பெரிய மீசை, இவனுக்கு இல்லை. "மீசையை எடுத்துட்டேம்மா, வெயிலுக்கு" என்றான். பாவம், வெயில்தான் என்று இவளும் நம்பினாள். மூன்றாம் நாள் அவர்கள் போகும்போது சுவர்க் கண்ணாடி, ஹீட்டர், ஜன்னல் திரை, குளியலறைத் தாழ்ப்பாள் எல்லாம் கூடவே போயின. தாழ்ப்பாளை எதற்கு எடுத்தான் என்பது இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை. அட்டைக்குச் சொந்தக்காரர் பக்கத்து ஊரில் மீசையோடு சௌக்கியமாக இருந்தார். அட்டையைத் தொலைத்தது மட்டும்தான் அவர் செய்த குற்றம். லைசென்ஸ் ஆபீஸில் இவளுடைய கோப்பில் சிவப்பு மையில் எழுதினார்கள்: தங்குபவரின் அடையாளம் சரிபார்க்கப்படவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் லைசென்ஸ் ரத்து.

அன்றிலிருந்து மாடிக்காரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். வருகிறவரை ஸ்டுடியோவின் உயர நாற்காலியில் உட்கார வைப்பாள். மேலே ட்யூப் லைட். கையில் பூதக்கண்ணாடி. அட்டையில் ஒரு பார்வை, ஆளில் ஒரு பார்வை, ஐந்து இடம். புருவத்துக்கு நடுவே உள்ள இடைவெளி, மூக்கு நுனி, மேலுதடு, மச்சம், காது. இதில் காதுதான் அவளுக்கு வேதம். "மீசை வரும், போகும். முடி கொட்டும். காது எங்க போகும்?" என்பாள். போனில் அறை பதிவு செய்கிறவர்களின் பேருக்குப் பக்கத்தில் பதிவை நடத்தும் ஆப் கம்பெனியே ஒரு பச்சை டிக் போட்டுத்தான் அனுப்பும். "அவங்களே செக் பண்ணிட்டாங்களே" என்று யாராவது சொன்னால், "டிக்குக்குக் காது இருக்கா?" என்று கேட்பாள்.

இன்றைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள். நாலு மணிக்கு அதிகாரி வருகிறார். ரிஜிஸ்டரையும் அட்டைகளையும் தங்கியிருப்பவர்களையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பார்ப்பார். எல்லாம் பொருந்தினால் இன்னும் மூன்று வருடம் அவள் மாடிக்காரம்மா. பொருந்தாவிட்டால் மறுபடி வெள்ளைக் குடை. காலையிலிருந்து அவள் இரண்டு தடவை மாடியைக் கூட்டியாயிற்று, மூன்று தடவை புடவை மாற்றியாயிற்று.

இரண்டரை மணிக்கு விருந்தாளி வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, கையில் மஞ்சள் தலைக்கவசம். கிரேன் ஓட்டுகிறவள். இன்னும் பெரிய கிரேன் ஓட்டும் தகுதிக்கு மறுநாள் காலையில் அவளுக்குத் தேர்வு.

"உக்காருங்கம்மா. கார்டு?"

அந்தப் பெண் அட்டையை எடுத்து நீட்டும்போதே ஒரு பெருமூச்சு விட்டாள். மாடிக்காரம்மா அட்டையைப் பார்த்தாள். அதில் இருந்த முகம் உரித்த முட்டை. ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்தாள். இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு மச்சம். வலது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. மூக்கு லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு காதும் கதவைத் திறந்து வைத்த மாதிரி வெளியே நின்றன. அட்டையில் இருந்தவளுக்கோ காது தலையோடு ஒட்டி, இருக்கிற இடமே தெரியவில்லை.

மாடிக்காரம்மா அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"இது நீங்க இல்ல."

"நான்தாங்க்கா."

"காதே பொருந்தலையேம்மா."

"எனக்குத் தெரியும்க்கா. எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. காலைல ரெண்டு லாட்ஜ்ல கார்டைப் பாத்துட்டு, வெளிய போம்மான்னுட்டாங்க. சிம் கார்டு வாங்க எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். என் கல்யாணத்தைப் பதிவு பண்ணப் போனப்ப, பொண்ணை மாத்திட்டீங்களான்னு அந்த ஆபீஸர் என் வீட்டுக்காரரைத் தனியா கூப்பிட்டுக் கேட்டாரு."

மாடிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்க முகத்தை இன்னும் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

"அப்ப வேற போட்டோ மாத்தியிருக்கலாமே."

"போனேன்க்கா. மாத்தணும்னா இந்தக் கார்டு உங்களுதுதான்னு முதல்ல நிரூபிங்கன்னாங்க. இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எப்படி நிரூபிக்கிறது?"

மாடிக்காரம்மா பூதக்கண்ணாடியை எடுத்து அட்டையின் மேல் வைத்தாள். புருவம் பொருந்தவில்லை. மூக்கு பொருந்தவில்லை. மச்சம் இல்லவே இல்லை. கடைசியில் கண்ணுக்கு வந்தாள். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது விளக்கு வெளிச்சம், எல்லாப் படத்திலும் விழும். அதற்குப் பக்கத்தில் கடுகில் பாதியாக இன்னொரு புள்ளி. அடுத்த கண்ணிலும் அதே மாதிரி இரண்டு.

"விளக்கு வைக்கிற புள்ளி செத்த புள்ளி. நான் வைக்கிற புள்ளிதான் உயிர்" என்று சொல்லிச் சொல்லி, ஊர்ப்பட்ட பேருடைய படத்தில் கண்ணுக்குள் இரண்டாவது புள்ளி வைத்த மனுஷர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் இப்போது பின்கட்டில் மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த போட்டோ எங்க எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு வருஷம் ஆச்சுக்கா. இதே ஊர்லதான், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. இப்ப அந்த இடத்துல மருந்துக் கடை இருக்கு."

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து இடத்தை மருந்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டுத்தான் ஸ்டுடியோ இந்தத் தெருவுக்கு வந்தது.

"என்னங்க!"

அந்தச் சத்தத்துக்கு ஸ்டுடியோக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மாடிக்காரம்மா அட்டையை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். திரும்ப அட்டையைப் பார்த்தார். வெட்கப்பட வேண்டிய மனுஷர் முகத்தில் மெல்ல ஒரு பெருமை ஏறியது.

"நல்லா வந்திருக்குல்ல? காதை உள்ள தள்ளினதுல ஒரு பிசிறு தெரியுதா பாரு."

"காதை ஏங்க தொட்டீங்க?"

"லைட்டா உறுத்திச்சு."

"உறுத்துச்சாம். இந்தப் பொண்ணு பன்னெண்டு வருஷமா நான்தான் நான், நான்தான் நான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது."

"மூக்கையும் நிமுத்தியிருக்கேன் பாரும்மா" என்று அவர் அந்தப் பெண்ணிடம் காட்டினார். "அதுக்குத் தனியா எதுவும் வாங்கல."

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் அந்த ஸ்டுடியோக்காரன் மட்டும் கையில் கிடைத்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவள் மனசுக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்தாளாம். இப்போது நேரில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்ததும் பட்டியல் மொத்தமும் மறந்துபோய், அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து மாடிக்காரம்மாவுக்கும் வந்துவிட்டது. அவர் மட்டும் அசடு வழிய நின்றார்.

சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். அதிகாரி நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி மூன்று மணிக்கே வந்துவிட்டார்.

மாடிக்காரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவர் அவள் காதருகே குனிந்து, "போட்டோ எடுக்க வந்தவங்கன்னு சொல்லிடலாம். ரிஜிஸ்டர்ல இன்னும் பேர் எழுதலையே" என்றார். அந்தப் பெண்ணும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் போயிடறேன்க்கா. உங்களுக்கு எதுக்கு வம்பு?"

ஒரு நிமிஷம் மாடிக்காரம்மாவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. மாடியில் வேறு யாரும் தங்கியிருக்கவில்லை. அதிகாரி காலி அறையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார். லைசென்ஸ் பிழைக்கும். ஆனால் தன் மாடியில் தங்க வந்தவளை வேறு யாரோ என்று சொன்னால், மீசையை வெயிலுக்கு எடுத்ததாகச் சொன்னவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? போதாததற்கு இந்தப் பெண்ணுக்கு இது மூன்றாவது வாசல். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பையைப் பிடுங்கி நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

"உக்காரும்மா நீ."

அதிகாரி ஒல்லியான மனுஷர். எதையும் கோப்பில் இருக்கிறபடியேதான் பேசுவார். உள்ளே வந்து, விண்ணப்பத்தைப் பிரித்து, "தங்கியிருப்போர் விவரம்" என்று படித்தார்.

"ஒருத்தர் சார். இவங்க. இது கார்டு. முதல்லயே சொல்லிடறேன், மூஞ்சி பொருந்தாது. ஆனா இவங்கதான் அவங்க. தப்பு எங்க வீட்டுது."

அதிகாரி அட்டையை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். "காதுகூடப் பொருந்தலையேம்மா" என்றார்.

மாடிக்காரம்மா ஒன்று விடாமல் சொன்னாள். இரண்டாவது புள்ளி, மருந்துக் கடை, தள்ளிய காது, நிமிர்த்திய மூக்கு எல்லாம். அதிகாரி பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. "சொன்னா ஆச்சா? விதிப்படி ஆதாரம் வேணும்" என்றார்.

"சிடி இருக்கு" என்றார் ஸ்டுடியோக்காரர். "டச்சப்புக்கு முன்னாடி எடுத்ததெல்லாம் அப்படியே போட்டு வெச்சிருக்கேன்."

சிடி இருந்தது. ஆயிரத்து சொச்சம் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் மேலும் மாதம், வருடம், கூட்டம் எதற்காக வந்தது என்பது வரை குண்டு குண்டாக எழுதி வைத்தது மாடிக்காரம்மா. அந்தக் காலத்தில் குடை பிடிக்காத நேரத்தில் அவள் பார்த்த வேலை அது. "எந்த மாசம்மா?" என்று கேட்டாள். "ஐடிஐ அட்மிஷனுக்கு எடுத்ததுக்கா, ஜூன்" என்றாள் அந்தப் பெண். மாடிக்காரம்மா மூன்றாவது பெட்டியில் கை விட்டு, எண்ணி ஏழாவது சிடியை உருவினாள்.

கம்ப்யூட்டர் திரையில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். மிளகு மச்சம், வெட்டுப்பட்ட புருவம், சாய்ந்த மூக்கு. காது இரண்டும் திரையின் இரண்டு ஓரத்தையும் தொடப் பார்த்தன. அந்தப் பெண் மூச்சுகூட விடாமல் அதையே பார்த்தாள். "எங்க போயிருந்தே நீ?" என்று திரையைக் கேட்டாள்.

அதிகாரி பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, திரையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்து முடித்ததும் தன் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைச் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவரும் இந்த ஊர்க்காரர்தான். பிறகு ரிஜிஸ்டரில் குறிப்பு எழுதினார்: நேரில் பார்த்தேன். ஆள் அசல். படம் மிகை.

மாடிக்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காபி போடட்டுமா என்று கேட்க வாயைத் திறந்தாள். அதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்டி, "ஏழு. உரிமையாளர் அடையாளம்" என்று படித்தார்.

அவள் தன் அட்டையைத் தைரியமாக நீட்டினாள். அதிகாரி பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி பார்த்தார்.

"இது உங்க தங்கச்சி கார்டும்மா. உங்களோடதைக் குடுங்க."

அவளுக்குத் தங்கச்சியே கிடையாது. அட்டையைப் பறித்துப் பூதக்கண்ணாடியை வைத்தாள். கருவிழியில் இரண்டு புள்ளி.

பதினோரு வருடமாக அந்தப் படத்தைப் பார்த்துத்தான், தான் இப்படித்தான் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தாள். சுவர்க் கண்ணாடி வேறு மாதிரி காட்டும்போதெல்லாம் வெளிச்சம் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள். இப்போது ஸ்டுடியோவின் சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, அட்டையைப் பக்கத்தில் பிடித்து, ஐந்து இடத்தையும் முறையாகப் பார்த்தாள். புருவம் இல்லை. மூக்கு இல்லை. மேலுதடு இல்லை. நெற்றிப் பொட்டுக்கு மேல் இருக்கும் மச்சம் போன இடம் தெரியவில்லை. காது சுத்தமாக இல்லை. தானே வாசலில் வந்து நின்றிருந்தால், வெளிய போம்மா என்று தானே சொல்லி அனுப்பியிருப்பாள்.

அது தோன்றியதுதான் தாமதம், அவளுக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. லைசென்ஸ் போகிற நேரத்தில் சிரிக்கிறோமே என்று பயமாகவும் இருந்தது. அந்தப் பயமும் சேர்ந்துகொண்டு இன்னும் சிரிப்பைக் கிளப்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள்.

"என்னையுமா மாத்துனீங்க?"

அவர் நிஜமாகவே திருதிருவென்று விழித்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"எங்க மாத்தினேன்? நீ அப்படியேதானே இருக்கே. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே."

பொய் சொன்னால் அவருக்கு இடது கண் துடிக்கும். இப்போது துடிக்கவில்லை. கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவர் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுதான் என்று மாடிக்காரம்மாவுக்குத் தோன்றியது. சொல்லத்தான் நேரம் கெட்ட நேரமாகப் பார்த்திருக்கிறார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"கணவர் சாட்சி செல்லாது" என்று எழுதினார்.

"சார், நான் சொல்றேன்" என்று கிரேன்காரப் பெண் கையைத் தூக்கினாள். "ஒரு மணி நேரமா இந்த மூஞ்சிக்கு நேரா உக்காந்திருக்கேன். இவங்க இவங்கதான்."

"உங்களுக்கு அவங்க சாட்சி. அவங்களுக்கு நீங்க சாட்சியா?" அதிகாரி கொஞ்ச நேரம் அதை யோசித்துப் பார்த்தார். அவருக்கே தலை சுற்றியிருக்க வேண்டும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இவங்கதான் உரிமையாளர்னு தெருவுக்கே தெரியும், அதுல சந்தேகம் இல்ல. படம்தான் சிக்கல். புதுசா ஒண்ணு எடுங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி. எடுத்தபடியே வேணும். யாரும் கை வைக்கக் கூடாது."

மாடிக்காரம்மா உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். வெள்ளைக் குடையைக் கிரேன்காரப் பெண் பிடித்தாள். "தாடையைத் தூக்கு, சிரிக்காதே" என்றார் கணவர். இருபத்தாறு வருடம் ஊருக்குச் சொன்னதைத் தனக்குச் சொல்லிக் கேட்டதும் அவளுக்கு மறுபடி பொத்துக்கொண்டு வந்தது. நாலாவது தடவைதான் வாய் மூடி நின்றது.

படம் திரைக்கு வந்தது. ஸ்டுடியோக்காரரின் வலது கை தானாக மௌஸ் பக்கம் நகர்ந்தது. நாள் முழுக்க நெம்புகோலைப் பிடிக்கிற கை ஒன்று அதற்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. "எந்த பட்டனை அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்கண்ணே" என்றாள் கிரேன்காரப் பெண். அவர் சொன்னார். அவள் அமுக்கினாள். பிரிண்டர் முனகிக்கொண்டே ஒரு முகத்தைத் துப்பியது.

மாடிக்காரம்மா அதை வாங்கிப் பார்த்தாள். நெற்றியில் மூன்று கோடு. வகிட்டில் நரை. இடது காது வலதைவிடக் கொஞ்சம் வெளியே. சிரிப்பை அடக்கி அடக்கிக் கண் கலங்கிச் சிவந்திருந்தது. தாழ்ப்பாளைப் பறிகொடுத்தவள், ஏழாவது சிடியைச் சரியாக உருவியவள், பொய் சொல்லாமல் நின்றவள் எல்லாம் இந்த முகத்துக்காரிதான். அவளுக்கு இந்த முகத்தை ரொம்பப் பிடித்திருந்தது. மாடி இவள் பேரில்தான் இருக்க வேண்டும்.

அதிகாரி படத்தை வாங்கிப் புது லைசென்ஸில் ஒட்டினார். கையெழுத்துப் போட்டார். பையிலிருந்து வட்ட முத்திரையை எடுத்து, மைப்பெட்டியில் நன்றாக நனைத்து, உடம்பு பாரத்தையெல்லாம் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தினார்.

கையை எடுத்ததும் நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். முத்திரை படத்தின் ஓரத்தில் விழாமல் நட்டநடு முகத்தில் விழுந்து, நெற்றியிலிருந்து தாடை வரை ஊதாவாக அப்பியிருந்தது. பக்கத்தில் அவள் பேர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"இந்தத் தடவை நான் இல்ல" என்றார் ஸ்டுடியோக்காரர். பிறகு ஆசையை அடக்க மாட்டாமல் கையை நீட்டினார். "இப்படிக் குடு, அந்த மையை மட்டும் ரெண்டு நிமிஷத்துல எடுத்துத் தரேன்."

"தொடாதீங்க" என்றார்கள் மூன்று பேரும் சேர்ந்து.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.